மூன்றாம் பார்வை இடத்தில் ஒரு மஞ்சள் சேலை

கிள்ளான், மேரு சாலை
11 மே 2025

அன்புள்ள சாந்தமேரிக்கு,

இருதயம் எழுதுவது. முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே சரிகிறது. ரயில்வேயில் தண்டவாளத்தை இப்படிப் போட்டிருந்தால் மண்டோர் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். இந்தத் தாளை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பேனாவை அழுத்திப் பிடித்ததில் கட்டைவிரல் வலிக்கிறது. ஆனால் யாரும் சொல்லி எழுதவில்லை. எல்லாம் நானே.

உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான். எழுபத்து நான்கு வயதில் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். நடத்துவது அடுத்த தெரு புஷ்பவல்லி டீச்சர். கிள்ளான் கடைத்தெருவில் போன வாரம் எல்லாப் பலகையும் படித்துக்கொண்டே நடந்தேன். நாற்பது வருஷமாக நாம் அய்யாவு கடை என்று சொல்லும் கடைக்கு அந்தப் பெயரே இல்லை, மேரி. பலகையில் வேறு ஏதோ லட்சுமி பெயர் இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரியில் நீ பிரிக்பீல்ட்ஸுக்குப் போனது மருமகள் ஏமியின் பிரசவத்துக்குத் துணையாக என்று ஊரில் சொல்லியிருக்கிறோம். கோபத்தோடும் போனாய் என்பது நமக்கு மட்டும் தெரியும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய கழிவுநீர்க் குளத்தில், அந்த நீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு விற்கும் ஆலை கட்டப் போகிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் தாள் கொண்டுவந்தார்கள். நீ பாசாருக்குப் போயிருந்தாய். நான் கைநாட்டு வைத்துவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். அந்தக் கேள்விதான் என்னை வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டது. இப்போது அந்தத் தாளைப் படித்தேன். 'எங்கள் வீட்டாருக்கு ஆட்சேபனை இல்லை' என்று இருக்கிறது. நீ கேட்டது நியாயம்.

போனில் இதைச் சொல்ல முடியவில்லை. ரோனி வீட்டில் எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். நான் மன்னிப்புக் கேட்பதைக் கைக்குழந்தையும் கேட்க வேண்டுமா?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆலைக்கு எப்படி வெளிச்சம் வரும் என்று பார்க்க ஒரு விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள். ஏழரை மணிக்கு எரிகிறது. நம் பின்வாசல் படியில் பகல் மாதிரி இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறேன். ஆலை கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று படம் போட்டு வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். நம் பின்கொல்லையும் அதில் வந்திருக்கிறது. கீழே 'பார்வை இடம் 3' என்று போட்டிருப்பதை நானே படித்தேன். உனக்கு அனுப்புகிறேன்.

இருதயம்


பிரிக்பீல்ட்ஸ்
17 மே 2025

ரோனி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து ஏதோ சின்னப் பிள்ளை எழுதியது என்று ஏமி நினைத்தாள். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். உங்களுக்குத் தலைக்கு ஏறிவிடும்.

இப்போது படத்துக்கு வருகிறேன்.

நம் பின்கொல்லையில் நிற்கிற பெண் யார்?

நான் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், மஞ்சள் சேலை கட்டி, தோளில் பை மாட்டி, ஒரு காலை முன்னால் வைத்து நிற்கிறாள். முகம் தெரியவில்லை. ஆலையின் பக்கம் திரும்பி நிற்கிறாள். வந்து போகிறவள் நிற்கிற மாதிரி இல்லை. வீட்டுக்காரி நிற்கிற மாதிரி நிற்கிறாள். முதலில் என் கண்தான் கோளாறு என்று நினைத்தேன். கீழ்வீட்டு மிஸ்டர் சீவரத்தினம் பூதக்கண்ணாடி கொடுத்தார். அதை வைத்தும் பார்த்தேன். அவளேதான் நிற்கிறாள்.

புஷ்பவல்லி டீச்சர் போன தீபாவளிக்கு நமக்கு முறுக்கு கொண்டுவந்தபோது என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும்.

நாற்பத்தைந்து வருஷமாக உங்களுக்கு வந்த ஒவ்வொரு தாளையும் நான்தான் படித்துக் காட்டினேன். நானும் சொல்லித் தருகிறேன் என்று எத்தனை முறை கூப்பிட்டேன். வேலை அலுப்பு, கண் எரிச்சல் என்றீர்கள். மூன்று மாதம் நான் இல்லை. வேறு ஒருவர் கூப்பிட்டதும் எழுத்து வந்துவிட்டது. சந்தோஷம்.

சாந்தமேரி


கிள்ளான்
24 மே 2025

அன்புள்ள சாந்தமேரிக்கு,

அந்தோனியார் மேல் ஆணையாக அப்படி ஒரு பெண் நம் கொல்லைக்கு வரவில்லை. நீ எழுதிய பிறகுதான் படத்தில் அவளைப் பார்த்தேன். எழுத்தைப் படித்த சந்தோஷத்தில் படத்தைப் பார்க்கவில்லை. படம் எடுத்த அன்று நான் அங்கேயே நின்றேன். என்னை ஓரமாகப் போகச் சொன்னார்கள். நான் போன பிறகு எவள் வந்து நின்றாள் என்று எனக்கும் தெரியவில்லை.

டீச்சரிடமே கேட்டுவிட்டேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டது என் தவறு. "இருதயம் அண்ணே, அந்த மஞ்சள் சேலைய நான் என் தங்கச்சிக்குக் குடுத்து ஆறு மாசம் ஆச்சு" என்றார். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. என்னை மூன்று பக்கம் எழுதச் சொன்னார்.

நீ கூப்பிட்டபோது நான் ஏன் வரவில்லை என்று கேட்டாய். உன் முன்னால் தப்பாகப் படிக்க வெட்கமாக இருந்தது. டீச்சர் முன்னால் தப்பாகப் படித்தால் எனக்கு ஒன்றுமில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். மிஸ்டர் சீவரத்தினம் யார்? ரோனியைப் போனில் கேட்டேன். அவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீஸில் தலைமைக் கிளார்க்காக இருந்தவராம். மனைவி இறந்து ஆறு வருஷமாம். காலையில் பேப்பரைக் கீழே கொண்டுவந்து, சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு ஆங்கிலச் செய்தியைத் தமிழில் சொல்கிறாராம். ரோனி இதை நல்ல விஷயம் மாதிரிச் சொல்கிறான்.

அதே ரயில்வேயில்தான் நானும் இருந்தேன், மேரி. அவர் மின்விசிறிக்குக் கீழே இருந்தார். நான் வெயிலில் இருந்தேன். சம்பளத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அதற்குக் கீழே நான் கட்டைவிரலை வைத்திருப்பேன். இப்போது உன் கையில் அவருடைய பூதக்கண்ணாடி. எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுதுவதற்காகவே 'பொறாமை' என்ற சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இருதயம்


பிரிக்பீல்ட்ஸ்
30 மே 2025

ரோனி அப்பாவுக்கு,

மிஸ்டர் சீவரத்தினம் என்னை மிஸஸ் இருதயம் என்றுதான் கூப்பிடுகிறார். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் உட்காருகிறார். பேப்பரை மடிக்காமல் கொடுக்கிறார். நீங்கள் பேப்பரில் மீன் சுற்றிக்கொண்டு வருவீர்கள். இவ்வளவுதான் அவரைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. நீங்கள் அவரை நினைத்து எரிய வேண்டிய அவசியம் இல்லை. கொஞ்சம் எரிந்தால் தவறும் இல்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை. இல்லாதவள் எப்படிப் படத்தில் வருவாள்? நம் வீட்டில் நின்றவள் என் உயரமா, என்னைவிட உயரமா என்று பார்க்கத் தையல் நூலை எடுத்து அளந்தேன். துவைக்கும் கல் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். அவளுக்கும் அங்கேதான் வருகிறது. சரி, என் உயரம்தான் என்று நூலை எடுக்கப் போனேன். அப்போதுதான் அவளுக்கு எதிரே இருக்கும் ஆலைச் சுவரைப் பார்த்தேன்.

சுவர் அவளைப் போல மூன்று மடங்கு இருக்கிறது. அவள் கொல்லையில் நிற்கிறாள், சுவர் சந்துக்கு அப்பால் நிற்கிறது. அப்படியென்றால் உண்மையில் இன்னும் உயரம். சுவருக்கு மேலே எட்டு விளக்குகள். குளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெரிய மழைமரம் படத்தில் எங்கே? அதன் உச்சிக் கொப்பு மட்டும் சுவருக்கு மேலே கொத்தமல்லிக் கட்டு மாதிரித் தெரிகிறது. என் சமையலறைச் சன்னலில் இருந்து அதுகூடத் தெரியாது.

நீங்கள் ஆட்சேபனை இல்லை என்று கைநாட்டு வைத்தது இந்தச் சுவருக்குத்தான்.

ஜூன் 30 வரை ஆட்சேபனை எழுதலாம் என்று படத்தின் பின்பக்கம் போட்டிருக்கிறது. நீங்கள் விளக்கு வெளிச்சத்தில் சந்தோஷமாகப் படித்துக்கொண்டிருங்கள். நான் என் பங்குக்கு எழுதி அனுப்புகிறேன்.

சாந்தமேரி


கிள்ளான்
8 ஜூன் 2025

அன்புள்ள சாந்தமேரிக்கு,

மஞ்சள் சேலைக்காரியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

படத்தை எடுத்துக்கொண்டு கம்பெனியின் தற்காலிக ஆபீஸுக்குப் போனேன். சிந்துஜா என்று ஒரு பெண் அங்கே இருக்கிறது. ஆலை வந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும், வெளிச்சம் எங்கே விழும் என்று பார்ப்பதுதான் அதன் வேலை. இவள் யார், எந்தத் தெரு, யாரைக் கேட்டு என் வீட்டுக்குள் வந்தாள் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

"அங்கிள், அப்படி ஒரு ஆளே இல்ல லா. கம்ப்யூட்டர்ல போட்டது" என்றது.

எதற்கு என்றேன். சுவர் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவர்களுக்குப் புரிவதற்கு ஒரு ஆளை நிறுத்துவார்களாம். மற்றப் படங்களையும் காட்டியது. அடுத்த தெருப் படத்தில் பாஜு குரோங் போட்ட மலாய் அம்மா ஒருவர். சீனக் கோயில் படத்தில் குடை பிடித்த சீனக் கிழவி. நம் தெருவில் தமிழர்கள் அதிகம் என்று நமக்குச் சேலைக்காரி. மூவருக்கும் ஒரே உயரம், ஒரே நிழல். நீ நூல் வைத்து அளந்தாய் என்று சொன்னேன். "ஆன்டி ஒருத்தங்கதான் நாங்க எதுக்கு ஆள் போட்டோமோ அதை சரியா செஞ்சிருக்காங்க" என்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி ஒரு ஆளே இல்லை என்று ஆனதும் அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து ஒரு மைலோ குடித்தேன்.

அந்தச் சந்தோஷம் மைலோ ஆறும் வரைக்கும்கூட நிற்கவில்லை.

உங்கள் வீட்டில் இருந்து ஆட்சேபனைக் கடிதம் வந்துவிட்டதே அங்கிள் என்று ஒரு தாளை எடுத்தது. ஆங்கிலம். கீழே உன் கையெழுத்து. மேலே இருக்கிற எழுத்து யாருடையது என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் சலவைக்குப் போட்டு எடுத்த சட்டை மாதிரி இருந்தது. சிந்துஜா எனக்குத் தமிழில் சொல்லிற்று.

மழைமரத்தில் அந்தி நேரத்தில் கொக்குகள் வந்து அடையும் என்று அதில் இருக்கிறது. முப்பத்தொரு வருஷமாக நீ சமையலறைச் சன்னலில் நின்று அவற்றை எண்ணுகிறாய் என்று இருக்கிறது. நான் வேலைக்குப் போன காலத்தில், நான் திரும்பி வரும் வரை எண்ணுவாய் என்றும், நாற்பதைத் தாண்டினால் நான் தாமதம் என்று உனக்குத் தெரியும் என்றும் இருக்கிறது. விளக்கு எரிந்தால் கொக்கு அடையாது என்று இருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியாது, மேரி. அந்த வீட்டில் நான்தான் இருக்கிறேன். அந்தச் சன்னலுக்கு வெள்ளையடித்தது நான். கிளார்க் அந்தச் சன்னலைப் பார்த்ததே இல்லை. ஆனால் நான் தாமதமாக வந்தால் எத்தனை கொக்கு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லாத ஒரு பெண்ணுக்காக நீ கோபப்பட்டாய். நான் இருக்கிற ஒரு மனிதரைப் பார்த்துக் கோபப்படுகிறேன். என் கோபம் பெரியது.

இன்னொன்று. ஒரு வீட்டுக்கு ஒரு பதில்தான் எடுப்பார்களாம். ஆட்சேபனை இல்லை என்ற என் கைநாட்டு ஒரு பக்கம், உன் கடிதம் ஒரு பக்கம். இரண்டில் எது என்று 30ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அன்றைக்குப் படிக்கட்டிலும் உட்காரவில்லை.

இருதயம்


பிரிக்பீல்ட்ஸ்
14 ஜூன் 2025

ரோனி அப்பாவுக்கு,

கம்ப்யூட்டரில் போட்டவள் என்று படித்ததும் சிரித்தேன். ஏமியும் சிரித்தாள். குழந்தை எழுந்துவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கோபம் முழுதும் போகவில்லை. இல்லாதவளாக இருந்தாலும் அவள் என் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் இங்கே பதினோராவது மாடியில் பால் பாட்டில் கழுவிக்கொண்டு நிற்கிறேன்.

கொக்குகளை நான் மிஸ்டர் சீவரத்தினத்திடம் கதையாகச் சொல்லவில்லை. ஆட்சேபனை எழுதுவதற்கான படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'உங்கள் வீட்டில் இருந்து நீங்கள் தினமும் எதைப் பார்க்கிறீர்கள்?' அவர் அதை வாசித்தார், நான் பதில் சொன்னேன், அவர் எழுதினார். சொல்லி முடித்தபோது எனக்கே அழுகை வந்துவிட்டது. அவர் பேனாவை மூடிக்கொண்டு ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லை. கொக்கை எண்ணினேன் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்க எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. உங்களுக்கு என் முன்னால் படிக்க வெட்கம் என்றீர்களே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதில் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். விளக்கு உங்களுக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்து எழுத்து வந்திருக்கிறது. அதை இருட்டில் உட்கார்ந்து படியுங்கள் என்று சொல்லுகிறவள் நான் இல்லை. விளக்கைத்தான் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஏமிக்கு இன்னும் கொஞ்ச நாள் துணை தேவை என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

சாந்தமேரி


கிள்ளான்
29 ஜூன் 2025

அன்புள்ள சாந்தமேரிக்கு,

உன் கடிதம் வந்த அன்று மாலை நான் படிக்கட்டுக்குப் போகவில்லை. உன் சன்னலில் போய் நின்றேன். அந்த இடத்தில் நான் அதுவரை நின்றதில்லை. தண்ணீர்க் குழாய் இடுப்பில் இடிக்கிறது. உனக்கு இத்தனை வருஷமும் இடித்திருக்கும். அதைத் தள்ளி வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

ஏழு மணிக்குக் கொக்குகள் வந்தன. இருபத்தாறு வரை எண்ணினேன். ஏழரைக்கு விளக்கு எரிந்தது. அடைந்திருந்ததில் பாதி எழுந்து சுற்றிவிட்டுத் துறைமுகம் பக்கம் போய்விட்டது. அந்த வெளிச்சத்தில்தான் நான் ஒரு மாதமாக முதுகைக் குளத்துக்குக் காட்டிக்கொண்டு 'அணில் மரத்தில் ஏறியது' என்று படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

படிவத்தை நானே நிரப்பினேன். நான்கு நாள் ஆயிற்று. நேற்று சமூக மண்டபத்தில் கூட்டம். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். பார்வை இடம் மூன்று என்றதும் எழுந்தேன். குடியிருப்போர் சங்கத் தலைவர் தம்புசாமி பக்கத்தில் வந்து, "நேரமாச்சு அண்ணே, குடுங்க நான் படிச்சிடறேன்" என்றான்.

"நானே படிக்கிறேன்" என்றேன்.

நான் படித்ததை அப்படியே எழுதுகிறேன். 'என் பெயர் இருதயம். படிக்கத் தெரியாதபோது ஆட்சேபனை இல்லை என்று கைநாட்டு வைத்தேன். இப்போது படித்துவிட்டேன். ஆட்சேபனை இருக்கிறது. ஆலை வரட்டும். தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும். சுவர் என் மனைவியின் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். அவள் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். விளக்கு தரையைப் பார்க்க வேண்டும், மரத்தைப் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டுப் படத்தில் நிற்கும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது.'

படித்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று. இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். டீச்சர் முதல் வரிசையில் இருந்தார். சொல்லித் தரவில்லை. உன்னைப் போல அவரும் பொறுமை உள்ளவர்தான். இதைப் படித்து மறுபடி ஆரம்பிக்காதே.

சிந்துஜா எழுந்து பதில் சொல்லிற்று. தொட்டிகள் நம் கண்ணில் படக்கூடாது என்றுதான் சுவரை அவ்வளவு உயரம் வைத்தார்களாம். தொட்டி தெரிந்தால் பரவாயில்லையா அங்கிள் என்று கேட்டது. மரம் தெரிந்தால் தொட்டி தெரியட்டும் என்றேன். நம் வரிசையில் ஆறு வீடுகளுக்கு எதிரே சுவரைக் குறைத்து, தொட்டிக்கு முன்னால் செடி வைக்க வரைபடத்தை மாற்றிக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறது. மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் கம்பத்து விளக்குக்கு இன்று காலையிலேயே தகரத் தொப்பி மாட்டிவிட்டார்கள். நம் படிக்கட்டு இனி இருட்டு.

உன் கடிதத்தையும் என் படிவத்தோடு சேர்த்துக் குத்தச் சொன்னேன். சிந்துஜா அதை மேலே வைத்தது. நான் எடுத்துக் கீழே வைத்தேன். மிஸ்டர் சீவரத்தினத்துக்கு என் நன்றியைச் சொல். பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடு. உனக்குப் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். இது அதைவிடப் பெரியது.

புதுப் படம் ஒன்று கொடுத்தார்கள். இதோடு வைக்கிறேன். பூதக்கண்ணாடி தேவைப்படாது. கல்லுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

சனிக்கிழமை உன்னைக் கொண்டுவந்து விடுவதாக ரோனி சொன்னான். ஏமியின் அம்மா ரவாங்கில் இருந்து வந்துவிட்டாராமே. வா. ஆனால் நீ வந்துவிட்டாய் என்று நான் எழுதுவதை நிறுத்தமாட்டேன். வாயால் சொல்ல வராதது இன்னும் நிறைய இருக்கிறது. அடுத்த வாரக் கடிதத்தைத் தபாலில் போடாமல் சமையலறைச் சன்னலில், சீனி டின்னுக்குக் கீழே வைக்கிறேன். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் படி. பதிலை அங்கேயே வை.

இதையும் அந்தச் சன்னலில் வைத்துத்தான் எழுதுகிறேன். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, எழுத்து எனக்கே சரியாகத் தெரியவில்லை. முதல் கொக்கு வந்துவிட்டது. எண்ண வேண்டும்.

இருதயம்